ஆள் இறங்காத கப்பல்

என் ராசாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

முதலில் சந்தோஷச் செய்திகளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். உன் அக்காவின் மூத்தவள் றெஜினா மருத்துவத்துக்கு எடுபட்டுவிட்டாள். எங்கள் கரையிலிருந்து டாக்குத்தருக்குப் படிக்கப் போகும் முதல் பிள்ளை அவள்தான். சுவாமியார் அதை ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். மற்றப் பெண்கள் அதைப் பக்தி என்று நினைத்திருப்பார்கள். முகத்தில் இருந்த பெருமையை மறைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. நடுவில் பிறந்த அன்ரன் ஓ.எல். சோதனையில் ஆறு பாடத்துக்கு அதிவிசேட சித்தி, டி எடுத்திருக்கிறான். அவனுக்கு மீன் வெட்டவும் தெரியாது, கிழிந்த வலை பொத்தவும் தெரியாது, ஆனாலும் டி என்றால் டிதானே. கடைக்குட்டி சுகி புலமைப்பரிசில் சோதனை பாஸ் பண்ணி, நெல்லியடியில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். ஐந்தாம் வகுப்போடு நான் நின்ற இடத்திலிருந்து அவள் தொடங்குகிறாள். இந்தப் பட்டியலில் நீயும் இருக்கிறாய். அந்தப் பனி நாட்டில், மீன் கொம்பனியில் ஆறு பேருக்கு மேற்பார்வை பார்க்கிறேன் என்று நீ எழுதினாய். நான் சந்தையில் மனேஜர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் மாற்றிச் சொல்லாதே.

மூன்று பிள்ளைகளும் படித்தது பங்கருக்குள். மேலே விமானம் சுற்றத் தொடங்கினால் அக்கா பிள்ளைகளையும் புத்தகங்களையும் ஒன்றாக உள்ளே தள்ளிவிடுவாள். மண்ணெண்ணெய் கிடையாத காலம். ஜாம் போத்தலுக்குள் துளி எண்ணெயில் திரி எரியும், அதைச் சுற்றி மூன்று தலைகள் இருக்கும். அந்தப் பங்கருக்கு மேலே பனங்குற்றி, பனங்குற்றிக்கு மேலே ஓர் இரும்புத் தகடு, தகட்டுக்கு மேலே மண்மூட்டை. அந்தத் தகடு மனுவேலின் கப்பலில் இருந்து கழற்றியது. இதை நான் உனக்கு இதுவரை எழுதவில்லை. மழை நாளில் அதற்குக் கீழே உட்கார்ந்தால் தகடு மெல்ல முனகும். சுகி காதை வைத்துக் கேட்டுவிட்டு, அம்மம்மா, இது இன்னும் கடலிலைதான் நிக்குது என்பாள்.

மாசியில் நீ எழுதிய கடிதம் பங்குனிக் கடைசியில்தான் என் கைக்கு வந்தது. கிளாலிக் கடலால் வந்த ஒருவர் கொண்டுவந்து தந்தார். இப்போது சண்டை நிறுத்தம் என்பதால் ஆட்கள் போய்வருகிறார்கள், கடிதங்களும் போய்வருகின்றன. நாலு பக்கம் எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ நடந்துபோகும் குடாவைப் பற்றி, அங்கே நூறு வருஷத்துக்கு முன் திமிங்கிலம் பிடித்தவர்கள் விட்டுப்போன கட்டடங்களைப் பற்றி, கூரை போன கொட்டில்களைப் பற்றி, கொழுப்பை உருக்கிய வீடளவு இரும்புக் கொதிகலங்களைப் பற்றி, திமிங்கிலத்தைக் கடலிலிருந்து இழுத்தேற்றிய சாய்வுப் பலகைகளில் இப்போது புல் முளைத்திருப்பதைப் பற்றி. பலகை கழற்றிய வள்ளத்தின் விலா மாதிரி எலும்புகள் கரையில் நிற்கின்றன என்று எழுதியிருந்தாய். நான் அதை மூன்று முறை வாசித்தேன். அன்றிலிருந்து மத்தியானத்தில் கண் அயர்ந்தால் அங்கே போய்விடுகிறேன். வெறுங்காலோடுதான் போகிறேன். பனி எப்படி இருக்கும் என்று தெரியாததால் என் கனவில் அது உப்பளத்து உப்பு மாதிரிக் குவிந்து கிடக்கிறது. அந்தக் கொதிகலங்களுக்குள் கடற்பறவைகள் கதைக்கும் சத்தம் கேட்கிறது. உன் அப்பா கடலில் திமிங்கிலம் மூச்சுவிடுவதைக் கண்டால் துடுப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, தாயே விலகிப் போ என்று சொல்லிக் காத்திருப்பார். அதைக் கொன்று உருக்கவென்று ஒரு ஊரையே கட்டினார்கள் என்றால், அந்த ஊர் காலியாய்ப் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனாலும் உருக்கியவர்களுக்கும் வீட்டில் தாய்மார் இருந்திருப்பார்கள்தானே.

நாலு பக்கம் திமிங்கிலத்துக்கு, கடைசி நாலு வரி ஒரு பெண்பிள்ளைக்கு. நீ சின்ன வயதிலும் இப்படித்தான். சோதனையில் தவறிய அன்று, வரும் வழியில் கண்ட நாயைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தாய். அந்த நாலு வரியை நான் பாடமாக்கிவிட்டேன். குடாவின் ஓரத்தில் ஒரு வீடு விலைக்கு வருகிறது. கூட வேலை செய்யும் மானிப்பாய்ப் பிள்ளை ஒன்றோடு நாலு வருஷமாகப் பழக்கம். எங்கே இருக்கப் போகிறாய் என்று முடிவு சொல், பிறகு கலியாணத்தைப் பேசலாம் என்று அவள் கேட்கிறாள். நீங்கள் வா என்றால் வருகிறேன் அம்மா, சத்தியம் செய்து தந்தவன்தானே, வைகாசிக்குள் பதில் எழுதுங்கோ என்று முடித்திருந்தாய்.

அந்தப் பதிலை எழுத எனக்கு இருபது நாள் எடுத்தது. ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் எழுதியிருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் நீ அறியவேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. உனக்குத் தெரிந்த கப்பல்தான். எனக்குத் தெரிந்த பக்கத்தை இப்போது சொல்கிறேன்.

எண்பத்துமூன்றில், ஆடிக் கலவரத்துக்குத் தப்பி வந்த சனங்களில் சிலர் இன்னும் பள்ளிக்கூடங்களில் படுத்திருந்த காலம். அந்தக் கார்த்திகையில் மூன்று நாள் வாடைக்காற்று அடித்து ஓய்ந்த விடியற்காலை நான் கதவைத் திறந்தேன். கடல் இருந்த இடத்தில் ஒரு தெரு நின்றது. மாடி, யன்னல், படிக்கட்டு எல்லாம் இருந்தன, ஆனால் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன. கரைக்கு எதிரே கடலுக்குள் கிடக்கும் கல்லுப் பாரில் கப்பல் ஏறிவிட்டது என்று விளங்கவே எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. எட்டாம் நாள் வேறொரு கப்பல் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. ஒருவனை மட்டும் கப்பற் தலைவன் விட்டுவிட்டுப் போனான். கொம்பனியிலிருந்து சொல் வரும்வரை இறங்கக்கூடாது, ஆள் இல்லாவிட்டால் கப்பல் ஏறுகிறவனுக்குச் சொந்தமாகிவிடும் என்று சொல்லி, அவனிடம் சத்தியமும் வாங்கியிருந்தான். அவன்தான் மனுவேல். கழுத்தில் செபமாலை. கோவாக்காரன் என்று தெரிந்ததும், சவேரியாரின் உடல் இருக்கும் ஊரவன் என்று கிழவிகள் கரையில் நின்று அவனுக்குச் சிலுவை அடையாளம் போட்டுக் காட்டினார்கள். மேசை, அலுமாரி, யன்னல், சப்பாத்து என்று பறங்கியர் விட்டுப்போன, எங்கள் வாயில் வரும் பல சொற்கள் அவன் வாயிலும் கொஞ்சம் வளைந்து வந்தன. அவற்றை வைத்துக்கொண்டே ஒரு மாதம் கதைத்தோம். மற்றதை நீ படிப்பித்தாய்.

நம் கரையின் வழக்கம் உனக்குத் தெரியும். ஆளில்லாமல் ஒதுங்கினது கரைக்குச் சொந்தம், ஆளிருந்தால் ஆளுக்குச் சொந்தம். ஆள் எங்காவது போயிருந்தால், அவன் உடுத்த துணி ஒன்று வள்ளத்தில் கட்டியிருந்தால் போதும், திரும்பி வருவான் என்று அர்த்தம். தோய்க்காத துணியாக இருக்கவேண்டும், உடம்பின் வாசம் இருக்கவேண்டும். அவன் வந்து தன் கையால் அவிழ்க்கும்வரை அந்த வள்ளத்தை யாரும் தொடமாட்டார்கள். திருடன்கூடத் தொடமாட்டான். ஆகவே கரை முழுவதும் அந்தக் கப்பலைப் பார்த்துக் காத்திருந்தது. கயிறு, பித்தளை, கதவு, தகடு என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் பங்கு பிரித்துவிட்டு, அதே கையால் அவனுக்குச் சோறும் அனுப்பினார்கள். சோறு அனுப்பாவிட்டால் தானாக இறங்குவான் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதும், உன் அப்பா, அப்ப நீ முதலிலை ரெண்டு நாள் பட்டினி கிடந்து காட்டு என்று சொன்னதும் உனக்கு ஞாபகம் இருக்கும்.

சோறு கொண்டுபோனவன் நீ. உனக்கு அப்போது இருபது வயது. பின்னேரம் போனால் இருட்டும்போதுதான் திரும்புவாய். வந்து எனக்குச் சொல்லுவாய். கீழ் அறையில் இருந்த சீமெந்து மூட்டைகள் தண்ணீர் பட்டு மூட்டை மூட்டையாகவே கல்லாகிவிட்டன என்று. யன்னலில் பாசி வளர்ந்து, உள்ளே வரும் வெயில் பச்சையாக இருக்கிறது என்று. எல்லாம் சரிந்திருப்பதால் மனுவேல் சுவரில் ஒரு காலும் தரையில் ஒரு காலும் வைத்து நடக்கிறான், கரைக்கு வந்தால் அவனுக்கு விழத்தான் தெரியும் என்று. ஒருநாள் அவன் கப்பலின் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பதைக் கண்டாயாம். நேரம் யாருக்கு என்று கேட்டாயாம். கப்பலுக்கு என்றானாம். நீ அதைச் சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டியில் மீனைப் பிரட்டிக்கொண்டே, இந்தப் பெடியன் கொஞ்ச நாளில் தானும் கப்பலாகிவிடுவான் என்று நினைத்தேன்.

அந்த வருஷம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். சங்கக்கடைக்குப் போன பெடியன்கள் திரும்பி வரவில்லை. சைக்கிள் மட்டும் தெருவில் ஏறும் ஒழுங்கைத் தலைப்பில் சாத்தியிருக்கும். தாய் அந்தச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். பக்கத்து வீட்டில் ஒரே கிழமைக்குள் இரண்டு பேர் இயக்கத்துக்கென்று வள்ளம் ஏறிவிட்டார்கள். அவர்களின் தாய் அதற்குப் பிறகும் இரண்டு மாதம் நாலு பேருக்கு உலை வைத்தாள். நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் யோசிக்கத் தொடங்கிவிடுவாய் என்று பயந்தேன். ஆனால் பின்னேரங்களில் நான் கரைக்குப் போய் நின்றால் நீ தெரிவாய். கப்பலின் சரிந்த தட்டில் உன் மஞ்சள் சேட் தெரியும். அது அசையும், குனியும், கையை நீட்டிக் கதைக்கும். அந்த மஞ்சள் புள்ளி அங்கே நிற்கும்வரை நீ ஒழுங்கையில் இல்லை, யாரும் உன்னோடு மதிலோரம் நின்று கதைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கப்பல் எனக்குச் செய்த உபகாரத்தை எந்தப் புனிதரும் செய்யவில்லை.

ஆவணி முதற் கிழமை மனுவேலுக்கு ஒரு கடிதம் வந்தது. நம் வீட்டு விலாசத்துக்குத்தான் அவனுக்குக் கடிதம் வரும். அதற்கு முன் வந்தவை எல்லாம் அச்சடித்த நீளக் கடித உறைகள். இது சின்னது, கையால் எழுதியது, எழுத்துகள் நடுங்கியிருந்தன. எனக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் நடுங்கும் எழுத்து எந்தப் பாஷையிலும் தாயினுடையதுதான். வா என்று எழுதியிருக்கிறாள், இவன் போய்விடுவான் என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்தது. போனால் கப்பலில் ஆள் இல்லை. ஆள் இல்லாவிட்டால் உன் பின்னேரங்கள் ஒழுங்கைக்குப் போய்விடும். நான் அந்தக் கடிதத்தை வலை பொத்தும் நூல் வைக்கும் பிஸ்கட் தகரத்துக்குள், நூலுக்குக் கீழே வைத்தேன். நாளைக்குக் கொடுப்போம் என்றுதான் வைத்தேன். பிறகு மற்ற நாளைக்கு என்று வைத்தேன். கடிதம் ஏதும் வந்ததா என்று மனுவேல் கேட்கச் சொன்னதாக நீ ஒவ்வொரு கிழமையும் வந்து சொன்னாய். இல்லை என்று நான் ஒவ்வொரு கிழமையும் சொன்னேன். அந்த நாட்களில் அவனுக்கு மீனின் நடுத்துண்டுகளாகப் பார்த்து அனுப்பினேன். நீ அதைக் கண்டு, என்னைவிட அவனில்தான் பாசம் என்று பகிடி பண்ணினாய்.

ஐப்பசி நடுவில் உன் அப்பா நூல் எடுக்கப் போனவர் அதைக் கண்டுவிட்டார். நீ அன்று நெல்லியடிக்குப் போயிருந்தாய். அவர் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டார். என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இஞ்சேரும், உமக்கு உம்மடை பிள்ளை மட்டுந்தான் பிள்ளையோ?"

பிறகு எழுந்துபோய் வள்ளத்தைத் தள்ளினார். உமது கையாலேயே கொடும் என்றார். அன்றுதான் நான் அந்தக் கப்பலுக்குள் முதலும் கடைசியுமாகப் போனேன். நீ சொன்னது எல்லாம் உண்மை. பச்சை வெயில் இருந்தது. கல்லான மூட்டைகளின் இடுக்கில் ஒரு செடி பூத்திருந்தது, அதன் பெயர் எனக்குத் தெரியாது. மேசையில் ஒரு கோப்பை சரிந்தபடியே நின்றது, அதற்குள் தேத்தண்ணி மட்டும் நேராக நின்றது. எங்கோ அடியில் தண்ணீர் உள்ளே வந்து, யோசித்துவிட்டு வெளியே போவது போல ஒரு சத்தம். வீட்டில் என்னைப் பிடித்துத் தின்ற பயம் அங்கே இல்லை. நித்திரையில் நடப்பது போல இருந்தது. மனுவேல் கடிதத்தை வாசித்தான். நின்றபடி வாசித்தான், பிறகு இருந்து வாசித்தான்.

"அம்மா, இது எப்ப வந்தது?" என்று கேட்டான்.

"இண்டைக்குத்தான் தம்பி" என்றேன்.

அவன் கடித உறையைத் திருப்பினான். அதில் தபாற்கந்தோர் குத்திய வட்டம் இருந்தது. ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்கே அதில் இருந்த ஆவணி தெரிந்தது. அவன் அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நீங்கள் எனக்குப் பதினொரு மாசம் சோறு தந்தனீங்கள்" என்று மட்டும் சொன்னான். அவன் என்னை ஏசியிருந்தால் நான் அதை அன்றோடு மறந்திருப்பேன்.

மற்றநாள் காலமை அவன் இறங்கினான். இறங்குவதற்கு முன் தன் சட்டையைக் கழற்றிக் கப்பலின் கம்பியில் கட்டினான். கரையின் வழக்கத்தை நீ அவனுக்குச் சொல்லியிருந்தாய் போலிருக்கிறது. அப்பாவின் சட்டையை உடுத்துக்கொண்டு, நிலத்தில் தள்ளாடித் தள்ளாடி நடந்து பஸ் ஏறினான். நீயும் கூடப் பருத்தித்துறை வரைக்கும் போனாய். அந்தச் சட்டை அங்கே பறந்துகொண்டிருக்கும்வரை ஒருவர்கூடக் கப்பலில் கை வைக்கவில்லை. மார்கழிக் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போன பிறகுதான் தகட்டைக் கழற்றத் தொடங்கினார்கள். பாதியைக் கரை தின்றது, மீதியைக் கடல் தின்றது. இப்போது வற்றுக் காலத்தில் ஒரு வளைந்த இரும்பும், அதில் நீர்க்காகங்களும்தான். அவனுடைய தாய் அவனைக் கண்ணால் கண்டாளா என்று எனக்குத் தெரியாது. அவன் எழுதவில்லை. இந்தப் பத்து வருஷத்தில் நான் செபமாலை சொல்லும் ஒவ்வொரு முறையும் முகம் தெரியாத அந்த மனுஷிக்கு ஒரு மணி உருட்டுகிறேன். அவள் உயிரோடு இருந்தால் அது போய்ச் சேரட்டும். இல்லாவிட்டால் என்னை அவள் கேட்கப் போகும் நாளில் எனக்குத் துணையாக இருக்கட்டும்.

இதை உனக்குச் சொல்லும்படி அப்பா பல முறை கேட்டார். தான் சொல்லமாட்டேன், சொல்லுறது உம்மடை வேலை என்றார். நான் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமல்ல, அதிலிருந்து பாடம் படிக்கவும் இல்லை. மனுவேல் போன ஆறு மாதத்தில் உன்னை வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டி வந்தபோது நான் என்ன செய்தேன்? அப்பா உனக்கென்று கட்டித் தந்த புது வள்ளத்தின் முகப்பில், நீ உடுத்துக் கழற்றிய நீலச் சாரத்தை என் கையால் கட்டினேன். வள்ளத்தின் மேல் உன் கையை வைத்து, நான் வந்து அவிழ்ப்பேன் என்று சொல்லச் செய்தேன். நீ மறுபேச்சில்லாமல் சொன்னாய். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில் சொன்னாய். கப்பற் தலைவன் மனுவேலிடம் வாங்கின அதே சத்தியத்தை நான் உன்னிடம் வாங்கினேன்.

வள்ளத்துக்கு வேலை தராவிட்டால் அது என்னவாகும் என்று மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்த எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. முதல் வருஷம் பலகை காய்ந்தது. மூன்றாம் வருஷம் மூட்டுகள் விட்டன. உன் அத்தான் பத்து வருஷமாக மற்றவர்களுடைய வள்ளத்தில் கூலிக்குப் போனார். ஒவ்வொரு காலையும் உன் வள்ளத்தைத் தாண்டித்தான் போனார். ஒருநாளும் வாய் திறந்து கேட்கவில்லை, அதன் நிழலில்கூட நிற்கவில்லை. தொண்ணூற்றொன்றில் அப்பா நெஞ்சுச் சளியோடு கடைசியாய்க் கிடந்தபோது, என்னைக் கிட்ட வரச்சொல்லி, "அந்தச் சாரத்தை அவிட்டுவிடும், வள்ளம் சாகுது" என்றார். அவன் வந்து அவிழ்ப்பான் என்றேன் நான். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அவர் வள்ளத்தை மட்டும் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதே விளங்கியது. விளங்காத மாதிரி இருந்தேன்.

உன் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். மானிப்பாய் என்றதும், சாதி பார்க்கிற ஊர் என்று வாயைக் கோணலாக்கிக்கொண்டாள். "அவை எங்களைத் தங்கடை வீட்டுக்குள்ளை எடுப்பினமோ அம்மா?" என்றாள். "அந்தப் பனிக்குள்ளை ஆர் ஆரை வெளியிலை நிப்பாட்டிறது, பிள்ளை?" என்றேன். அத்தான் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் கண்டு கனகாலம். அன்று முழுவதும் யோசித்தேன், அதற்கடுத்த நாட்களும் யோசித்தேன். நீ நாலு வருஷமாக ஒரு பிள்ளையைக் காக்க வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளில்லாத கட்டடங்களுக்குள் நடந்து திரிகிறாய். சுவரில் ஒரு காலும் தரையில் ஒரு காலும் வைத்து நடக்கிறாய். எனக்காக நீ அங்கே யாருக்கோ நேரம் காட்டும் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்துக்கொண்டு இருக்கிறாய். இந்த முறை கடிதம் வரவேண்டியது என்னிடமிருந்து. அதை இன்னும் எத்தனை நாள் நூலுக்குக் கீழே வைத்திருப்பேன்?

முந்தாநாள் காலமை அத்தானையும் அன்ரனையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். உன் சாரம் நிறம் போய்ச் சாம்பலாய் இருந்தது. தொட்ட இடம் உதிர்ந்தது. ஆனால் முடிச்சு மட்டும் கல்லாய் இறுகியிருந்தது. என் விரலால் முடியவில்லை. மீன் வெட்டும் கத்தியைக் கேட்டேன். அத்தான் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"மாமி, அவன் கோவிப்பானோ?"

"கோவிச்சால் கடிதத்திலை கோவிக்கட்டும்" என்றேன்.

நான்தான் வெட்டினேன். அவிழ்த்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் வெட்டினேன் என்பதுதான் உண்மை. வள்ளம் கடலுக்குப் போகும் நிலையில் இல்லை. பக்கப் பலகைகளின் இடைவெளியால் கடல் தெரிந்தது. அத்தான் அதைச் சுற்றி நடந்து, தட்டிப் பார்த்து, அடிமரம் நல்லா இருக்கு மாமி, அதை வைத்து வேறொன்று கட்டலாம் என்றார். கட்டட்டும். அது இனி அவருடையது. நீ கோவிக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். கோவித்தாலும் அது அவருடையதுதான்.

ஆகவே என் பதில் இது. வீட்டை வாங்கு. நீ எனக்குச் செய்த சத்தியம் இனி இல்லை. அதை வாங்கியவள் நான், திருப்பித் தருகிறவளும் நான். வருவதென்றால் ஒருநாள் விருந்தாளியாக வா, பொதி நிறையச் சொக்கிளேற்றோடு வா, பிறகு உன் வீட்டுக்குப் போ. அவள் திருநீறு பூசினால் பூசட்டும், நீ சிலுவை போடு. இரண்டும் நெற்றிக்குத்தானே வருகின்றன. ஒரு சுவரில் இரண்டு படம் மாட்ட இடமில்லாத வீடு என்றால் அதை வாங்காதே. சமைத்தது உறைப்பில்லை என்று சொல்லாதே, எழுந்துபோய் நீ சமை. உங்களுக்குப் பிள்ளைகள் பிறந்து வளர்ந்து ஒருநாள் பெட்டி கட்டினால், சாப்பிட்டாயா என்று கேள், சப்பாத்து இறுக்கமாக இருக்கிறதா என்று கேள். எப்போது வருவாய் என்று மட்டும் கேட்காதே. பயந்தவர்கள் கேட்கும் கேள்வி அது. பயத்தில் நான் செய்ததை இப்போது நீ அறிந்துவிட்டாய். மனுவேலைத் தேட உன்னிடம் ஏதாவது வழி இருந்தால் தேடு. கண்டால், கடிதத்தை வைத்திருந்தது நான்தான், நீ அல்ல என்று சொல். உன்னையும் அவன் சந்தேகித்திருப்பானோ என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது.

இதைக் கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் நாளை கொடுத்துவிடுகிறேன். நீ புதுப் படம் ஒன்று அனுப்பு. என் சுவரில் இருப்பது பாஸ்போட்டுக்கு எடுத்த இருபத்திரண்டு வயது முகம். அதற்கு என்னைப் பார்க்கவும் பயம், கமராவைப் பார்க்கவும் பயம். புது வீட்டு வாசலில் இருவரும் நில்லுங்கள். குளிர் என்றாலும் தொப்பியைக் கழற்று, முடி எவ்வளவு போயிருக்கிறது என்று பார்ப்போம். அவளை உனக்குப் பின்னால் நிற்கவிடாதே, பக்கத்தில் நிற்கட்டும். நாலு பக்கம் எழுதினாய், அவளுடைய பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை. படத்தின் பின்பக்கம் அதை அவளையே எழுதச் சொல். தமிழில், கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதச் சொல். நான் வாசிப்பேன்.